தோட்டத்துக்கு வரும் ராபின் நம்மை அடையாளம் காணுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் இங்கிலாந்தில் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மண்ணைக் கொத்தத் தொடங்கினால் சிறிது நேரத்துக்குள் செம்மார்புடைய சிறு பறவை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று உங்களையே பார்க்கிறது. அது ராபின் என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பெரியவர், மறைந்த உறவினர்கள் ராபினாக வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு தந்தையை இழந்த உங்களுக்கு அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. நாள்தோறும் வருவது ஒரே பறவைதானா, அதற்கு ஏன் இவ்வளவு துணிவு, அதற்கு உங்களைத் தெரியுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ‘அது எனக்காகத்தான் வருகிறதா’ என்ற ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் இங்கு நெடுங்காலமாகப் பறவைகளைப் பிடித்து, பின்னர் அடையாளம் காண எண் பொறித்த கால்வளையமிட்டு விடுவிக்கும் பயிற்சியும் உரிமமும் பெற்ற தன்னார்வலன். விலங்கியலைத் தொழிலாகக் கொண்ட ஆய்வாளன் அல்லன். ஆகவே ஆய்வாளர்கள் நிறுவியது எது, வளையமிடும்போது கையில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது எது, என் ஊகம் எது என்பதை இயன்றவரை பிரித்தே சொல்கிறேன்.

துணிவைப் பற்றி முதலில் சொல்லலாம், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதிலிருந்துதான் கிளைக்கிறது. ராபின் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளமும் 20 கிராமுக்குச் சற்று முன்பின்னான எடையும் கொண்ட பறவை. மண்புழு, சிலந்தி, வண்டு, புழு ஆகியவையே அதன் முதன்மையான இரை. குளிர்காலத்தில் சிறு கனிகளையும் தின்னும். இரை மண்ணில் இருந்தாலும் மண்ணைக் கிளறும் வலிமை அதன் மெல்லிய அலகுக்கும் குச்சி போன்ற கால்களுக்கும் கிடையாது. தாழ்ந்த கிளையிலோ வேலிக்கம்பிலோ அமர்ந்து தரையைக் கூர்ந்து நோக்கி, ஏதாவது அசைந்தால் இறங்கிக் கொத்திக்கொண்டு மீண்டும் மேலேறுவதுதான் அதன் வேட்டை முறை. இப்படிப்பட்ட பறவைக்கு மண்ணைக் கிளறித்தரும் பெரிய விலங்கு ஒன்று பக்கத்தில் இருந்தால் பெருவாய்ப்பு. ஐரோப்பியக் காடுகளில் காட்டுப்பன்றி நிலத்தைக் கிளறிப்போகும் இடங்களில் ராபின் பின்தொடர்ந்து இரை தேடுகிறது. பிரிட்டனில் காட்டுப்பன்றிகள் இடைக்காலத்திலேயே ஏறத்தாழ முற்றிலும் அழிந்துபோயின. ஆனால் தோட்டங்கள் பெருகின. ஏர் உழும் மாட்டின் பின்னே உண்ணிக்கொக்கு நடந்துவருவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். இங்கே மாட்டின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மண்வெட்டி பட்டுப் புரண்ட ஈரமண் அந்தப் பறவைக்கு விரித்துவைத்த இலை.

ஐரோப்பியப் பெருநிலப்பரப்பின் பல பகுதிகளில் இதே ராபின் கூச்சமுள்ள காட்டுப்பறவையாக இருக்கிறது, பிரிட்டனில் மட்டும் மனிதர் அருகே வருகிறது என்பது பலரும் கண்டு எழுதியிருக்கும் வேறுபாடு. காரணம் என்ன என்பதில்தான் ஐயம். அங்கே சிறு பறவைகளையும் பிடித்து உண்ணும் வழக்கம் நீண்டகாலம் இருந்ததால் அஞ்சும் இயல்பு நிலைத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இங்கே தோட்டக்கலை மக்களிடையே பரவியிருப்பதும், தலைமுறை தலைமுறையாக மக்கள் இரை போட்டுப் பழக்கியதும் அதே அளவு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். இரண்டையும் பிரித்து அளந்து முடிவு சொல்வது கடினம்.

இனி, வருவது ஒரே பறவையா என்ற கேள்வி. சில வாரங்களுக்குள் தொடர்ந்து வருவது பெரும்பாலும் ஒரே பறவைதான் என்று துணிந்து சொல்லலாம். ராபின் தன் எல்லையைக் காக்கும் பறவை. இலையுதிர்காலம் தொடங்கியதும் ஆண் பெண் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு நிலப்பகுதியைத் தனதாக்கிக்கொண்டு, அதற்குள் வேறு ராபின் நுழைந்தால் விரட்டும். குளிர்காலத்தில் பெண்பறவையும் பாடித் தன் எல்லையை அறிவிப்பது, பாடும் பறவைகளிடையே அவ்வளவு பரவலாகக் காணாத பண்பு. நடுக்குளிர்காலத்தில் இவை இணைசேரத் தொடங்கும். அதன்பின் இரண்டின் எல்லைகளும் ஒன்றாகிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஓர் இணையின் எல்லை சராசரியாக அரை ஹெக்டேர் அளவு இருக்கும். வரிசை வீடுகளின் தோட்டங்கள் எவ்வளவு குறுகலானவை என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் ராபின் உங்களுடையது மட்டுமன்று. அந்தப் பெரியவருடைய ராபினும் அதுவாகவே இருக்கக்கூடும்.

ஆனால் மூன்று ஆண்டுகளாக வருவது ஒரே பறவையா என்றால், இருக்க வாய்ப்புக் குறைவு என்றே சொல்லவேண்டும். பிரிட்டனில் வளையப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டதில், வளர்ந்த ராபின்களில் ஐந்தில் ஏறத்தாழ இரண்டுதான் அடுத்த ஆண்டைக் காண்கின்றன. எட்டு ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்த பறவை ஒன்றும் அந்தப் பதிவேட்டில் உண்டு, ஆனால் அது விதிவிலக்கு. இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தாலே ராபினுக்கு அது இயல்பான ஆயுள். இதனோடு இடமாற்றமும் சேர்கிறது. பிரிட்டனின் ராபின்களில் பெரும்பாலானவை ஊரைவிட்டுப் போவதில்லை என்றாலும், சில, பெரும்பாலும் பெண்பறவைகள், குளிர்காலத்துக்குக் கடல்கடந்து தெற்கே செல்கின்றன. அதே காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து ராபின்கள் கிழக்குக் கரையில் வந்து இறங்குகின்றன. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே என்பதால், ஒன்று போய் இன்னொன்று அந்த இடத்தைப் பிடித்தாலும் நமக்குத் தெரிவதில்லை. ‘எங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரே ராபின்’ என்று வீட்டார் சொல்லும் தோட்டங்களில் வலை விரித்து வளையமிடும்போது, அந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே வெவ்வேறு பறவைகள் சிக்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லைக்காரப் பறவை கண்ணில் படாத நேரம் பார்த்து உள்ளே வந்துபோகும் அயல் பறவைகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உங்கள் ராபின் திடீரென்று காணாமல் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகக் கலங்க வேண்டாம். அது இறகுகளை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் காலம். பறக்கும் திறன் குறைந்திருப்பதால் புதர்களுக்குள் ஒதுங்கியிருக்கும், பாட்டும் ஏறத்தாழ நின்றுவிடும். செப்டம்பரில் மறுபடி வெளிவரும்போது அது பழைய பறவையாகவும் இருக்கலாம், புதிதாக எல்லை பிடித்த இளம்பறவையாகவும் இருக்கலாம்.

அந்தச் செம்மார்பு என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனெனில் நாம் அதைக் கனிவின் அடையாளமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். டெவன் மாவட்டத்தின் டார்ட்டிங்டன் ஹால் பள்ளியில் 1930-களில் ஆசிரியராக இருந்த டேவிட் லாக், அங்குள்ள ராபின்களின் கால்களில் வெவ்வேறு நிற வளையங்களை இட்டு ஒவ்வொன்றின் வாழ்வையும் தனித்தனியே தொடர்ந்து பார்த்தார். அந்த முடிவுகளை 1943-இல் நூலாக வெளியிட்டார். பாடம்செய்த ராபினை அவர் ஓர் எல்லைக்குள் வைத்தபோது எல்லைக்காரப் பறவை அதைத் தாக்கியது. தலையும் வாலும் உடலும் இல்லாமல் செந்நிற மார்பு இறகுகளின் கொத்து ஒன்றை மட்டும் வைத்தபோதும் சில பறவைகள் அதை மிரட்டின. சிவப்பே இல்லாத, புள்ளிகள் கொண்ட இளம்பறவையின் முழு உருவத்தை வைத்தால் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. சிவப்பு இன்னொரு ராபினுக்கு விடுக்கும் எச்சரிக்கை என்பது இதனால் உறுதியாகிறது. எதிரியைக் கண்டால் தலையை மேலே தூக்கி, மார்பு முழுவதும் தெரியும்படி இப்படியும் அப்படியும் அசையும்; எதிரி விலகாவிட்டால் சண்டை மூளும், சில சண்டைகள் உயிரிழப்பில் முடிவதும் உண்டு. வளர்ந்த ராபின்களின் இறப்பில் பத்தில் ஒன்று வரை இச்சண்டைகளால் நேர்வதாகப் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இடத்துக்கு இடம் பெரிதும் மாறக்கூடிய கணக்கு அது; அப்படியே எல்லாத் தோட்டங்களுக்கும் பொருத்திவிடக் கூடாது.

இலையுதிர்காலத்தில் நீங்கள் வேலைசெய்யும்போது அருகிலிருந்து மெல்லிய, சோகம் கலந்ததுபோன்ற குரலில் அது பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டின் முதல் வேலை, ‘இந்த இடம் என்னுடையது’ என்று மற்ற ராபின்களுக்குச் சொல்வதே. தெருவிளக்கின் கீழ் நள்ளிரவில் பாடுவதும் அதே பறவைதான். விளக்கொளியைவிடப் பகல்நேர இரைச்சலே இரவுப் பாட்டோடு கூடுதலாகத் தொடர்புடையது என்று ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் காரின் பக்கக் கண்ணாடியை ஒரு ராபின் கொத்துகிறதென்றால், அதில் தெரியும் செம்மார்பை அயலான் என்று நினைக்கிறது. ஒரு துணிப்பையால் கண்ணாடியைச் சில வாரங்கள் மூடிவைத்தால் போதும். தமிழ்நாட்டில் குண்டுகரிச்சான் இதே வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கலாம். அதுவும், கருஞ்சிட்டும், இந்த ராபினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் ராபின் என்று அழைக்கப்படுவது மட்டும் வேறு. அது பூங்குருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய பறவை.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன்: அதற்கு உங்களைத் தெரியுமா? ராபின்கள் தங்களுக்குள் ஒன்றையொன்று அறியும் என்பது உறுதி. பக்கத்து எல்லைக்காரனின் பாட்டையும் முன்பின் தெரியாத ராபினின் பாட்டையும் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்த சோதனைகளில், அயலானின் பாட்டுக்கே அவை கடுமையாக எதிர்வினை காட்டின. வேறு சில பறவைகள் மனிதர்களைத் தனித்தனியே அடையாளம் காண்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்தவர்களை, அதே முகமூடியைக் காணும்போதெல்லாம் காகங்கள் பல ஆண்டுகள் கழித்தும் சூழ்ந்து கத்தின. ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், தன் கூட்டை நெருங்கித் தொந்தரவு செய்த ஒரே ஆளை மட்டும் மாக்கிங்பேர்டு என்னும் பறவை வெகு விரைவில் பிரித்தறியக் கற்றுக்கொண்டது என்று 2009-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இவை காகமும் மாக்கிங்பேர்டும் பற்றிய சான்றுகள். இவற்றைக் கொண்டு ராபினும் அவ்வாறே என்று முடிவுகட்டுவது முறையாகாது. அதால் முடியாது என்று மறுப்பதற்கும் காரணம் இல்லை.

என் அனுபவத்திலிருந்து நான் நம்புவது இது. ராபின் முதலில் அறிவது ஆளை அன்று, நிகழ்வை: எந்த நேரத்தில் எந்தக் கதவு திறக்கிறது, மண்வெட்டி எந்த மூலையில் விழுகிறது, அதன்பின் என்ன கிடைக்கிறது என்பதை மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறது. ஒரே ஆள் தொடர்ந்து இரை கொடுத்தால் அவருடைய நடை, உருவம், உடை ஆகியவற்றையும் அந்த நிகழ்வோடு சேர்த்துக்கொள்கிறது. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக 1905 முதல் 1916 வரை இருந்த எட்வர்ட் கிரே, நார்தம்பர்லாந்தில் தம் வீட்டுத் தோட்டத்து ராபின்களைக் கையில் வந்து இரை எடுக்கப் பழக்கியவர். அப்படிப் பழக்கிய பலரும் தங்களிடம் வரும் பறவை விருந்தினரிடம் வரத் தயங்குவதாகச் சொல்கிறார்கள். அது முகத்தை அறிந்ததாலா, அசைவின் நிதானத்தை அறிந்ததாலா என்பதைத் தோட்டத்தில் நின்று பிரித்துச் சொல்ல இயலாது. நீங்களே எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம்: உங்கள் மேலங்கியை வீட்டிலுள்ள வேறொருவர் அணிந்துகொண்டு, நீங்கள் கொத்தும் அதே நேரத்தில் அதே இடத்தில் கொத்தட்டும், இன்னொரு நாள் நீங்கள் வேறு உடையில் வேறு நேரத்தில் செல்லுங்கள். எவ்வளவு விரைவாக, எவ்வளவு அருகில் வருகிறது என்பதைப் பலமுறை குறித்துவைத்துப் பார்த்தால், உங்கள் பறவை எதற்கு விடையளிக்கிறது என்பது ஓரளவு தெரியவரும்.

பெரியவர் சொன்ன நம்பிக்கையைப் பற்றி. அது இன்று இங்கே மிகப் பரவலானது. இரங்கல் அட்டைகளிலும் கல்லறைகளிலும் ராபின் உருவத்தைக் காணலாம். ஆனால் பழைய ஆங்கில நாட்டார் வழக்கில் ராபின் வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் இறப்பு நேரும் என்ற அச்சமும் இருந்தது. காட்டில் கைவிடப்பட்டு இறந்த குழந்தைகளின் உடல்களை ராபின்கள் இலைகளால் மூடின என்ற பழங்கதையும் உண்டு. ஆறுதலோ அச்சமோ, இறப்போடு இந்தப் பறவையை நெடுங்காலமாகச் சேர்த்தே நினைத்திருக்கிறார்கள். இதற்கு ராபினின் வாழ்க்கையிலேயே காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன்; இது என் ஊகம் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன். கல்லறைத் தோட்டம் என்பது புதிதாகத் தோண்டிய மண்ணும், பழைய மரங்களும், மனித நடமாட்டக் குறைவும் சேர்ந்த இடம். ராபினுக்கு அதைவிட ஏற்ற இடம் அரிது. அடக்கம் நடந்து முடிந்த ஈரமண்ணில் முதலில் வந்து நிற்கும் பறவை பெரும்பாலும் இதுவாகவே இருந்திருக்கும். பெரும்பாலான பறவைகள் அடங்கிவிடும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் பாடும் மிகச் சில பறவைகளில் இதுவும் ஒன்று. துயரத்தில் இருப்பவர் தனித்து நிற்கும்போது ஒரு பறவை விலகிப்போகாமல் அருகில் வந்து பார்த்தால், அதை அவர் எப்படி மறப்பார்?

நம் வீடுகளில் அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வந்து எடுக்கும்வரை காத்திருக்கிறோம். அங்கே காக்கையின் உணவுப் பழக்கத்தைப் பற்றி யாரும் விளக்கம் கேட்பதில்லை. கேட்டாலும் வைப்பவரின் நினைவு அதனால் குறைவதில்லை. உங்கள் தந்தையைப் பற்றிய நினைவு இந்தப் பறவை வரும்போது எழுகிறதென்றால், அது உங்களுக்கும் அவருக்கும் உரியது. அதில் கருத்துச் சொல்ல நான் படித்த எதுவும் எனக்கு உரிமை தரவில்லை. பறவையின் பக்கமிருந்து மட்டும் சொல்ல முடியும்: அது இரைக்காக வருகிறது, நீங்கள் தீங்கு செய்யாதவர் என்பதைக் கற்றுக்கொண்டதால் மீண்டும் வருகிறது. இரண்டாவது பகுதி உண்மையாகவே உங்களைப் பற்றியது.

சோறு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உப்பில்லாமல் வடித்த சோறு சிறிதளவு வைக்கலாம். கடுங்குளிரில் பல பறவைகள் அதை எடுத்துக்கொள்ளும். தயிர்சாதம் வேண்டாம், பாலைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை, உப்பும் சேர்ந்திருக்கும். மிக்சர், முறுக்கு, உப்புக் கடலை ஆகியவற்றை ஒருபோதும் போடாதீர்கள். சிறு பறவைகளுக்கு உப்பு நஞ்சாகும். கடையில் விற்கும் உலர்ந்த தேங்காய்த் துருவல் வயிற்றுக்குள் ஈரம் பட்டு ஊதும் என்பதால் அதுவும் கூடாது. ராபினுக்கு மிகவும் பிடித்தது மீல்வார்ம் என்று விற்கப்படும் வண்டுப்புழு. உலர்ந்ததை வாங்கினால் வெந்நீரில் ஊறவைத்து ஆறியபின் வையுங்கள். குஞ்சுகளுக்கு ஊட்டும் காலத்தில் இது மிகவும் முக்கியம். தொங்கும் கூடைகளைவிடத் தாழ்ந்த தட்டில் உண்பதையே அது விரும்பும். தட்டைப் புதருக்கு எட்டிய தூரத்தில், ஆனால் பூனை பதுங்கித் தாவ முடியாத இடைவெளி விட்டு வைத்து, அடிக்கடி கழுவிவிடுங்கள். ஆழமில்லாத பாத்திரத்தில் தண்ணீரும் வேண்டும். உறைபனி நாள்களில் தண்ணீர்தான் கிடைப்பதற்கு அரிது.

கைக்கு வரவழைக்க விரும்பினால், உறைபனிக் காலமே ஏற்றது. புழுக்களைச் சிறு தட்டில் வைத்துச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்து, பிறகு தட்டைத் தரையில் விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் அமருங்கள். சில பறவைகள் ஓரிரு நாள்களில் வரும், சில கடைசிவரை வாரா. ஒவ்வொன்றின் குணமும் வேறு. வீட்டில் பூனை இருந்தாலோ, அண்டை வீட்டுப் பூனை வந்துபோனாலோ இதைச் செய்யாமல் விடுவதே அந்தப் பறவைக்கு நல்லது.

வசந்தகாலத்தில் இரண்டு ராபின்கள் சண்டையின்றி அருகருகே இருந்து, ஒன்று மற்றொன்றுக்கு இரை ஊட்டினால், அது குஞ்சு அன்று; ஆண்பறவை தன் இணைக்கு ஊட்டுகிறது, அருகில் கூடு இருக்கிறது என்று கொள்ளலாம். படர்கொடிக்குள்ளும், மண்சரிவிலும், தோட்டக் கொட்டகையின் தட்டிலும், பழைய கெட்டிலிலும்கூட அது கூடு கட்டும். நான்கு முதல் ஆறு முட்டைகள். அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற மேலும் இரண்டு வாரம். அதுவரை கொட்டகைக் கதவைத் திறந்தே வையுங்கள், வேலியை வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்; பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். மே, ஜூன் மாதங்களில் உடல் முழுதும் பழுப்புப் புள்ளிகளோடு, மார்பில் சிவப்பே இல்லாமல் ஒரு பறவை உங்கள் மண்வெட்டியின் அருகே வந்து நின்றால், அது வேறு இனமன்று, ராபின் குஞ்சுதான். கூட்டைவிட்டு வந்தபின்னும் சில வாரம் தாய்தந்தை அதற்கு ஊட்டும்; தாய் அடுத்த முட்டைகளில் அமர்ந்துவிட்டால் தந்தைப் பறவை அந்த வேலையைத் தனியே செய்யும். தரையில் தனியாக நிற்கிறதே என்று எடுத்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பூனை நெருங்கினால் மட்டும் பக்கத்துப் புதருக்குள் விட்டுவிட்டு விலகிச் செல்லுங்கள்.